கார் முழுசு, அம்மா பாதி

குமுளியில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சுற்றுலாக் கூட்டம் படகுத்துறைப் பக்கம் போய்விடும். கடையில் ஏலக்காய் மூட்டையும் மிளகு மூட்டையும் நானும்தான் மிச்சம். முதலாளி பின்னறையில் கண்ணயர்ந்துவிடுவார். அந்த நேரத்தில் நான் கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு பழைய வண்டிகளைப் பார்ப்பேன். சிலருக்கு நகை, சிலருக்குச் சமையல் வீடியோ, எனக்குப் பழைய கார், பழைய பஸ். படம்தான், நிஜ வண்டி இல்லை. நிஜ வண்டியில் ஏறினால் கம்பம் இறங்குவதற்குள் எனக்கு வயிற்றைப் புரட்டும். மலையில் பிறந்து மலையிலேயே பிழைக்கிற ஒருத்திக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது என்றால் யார் நம்புவார்கள்? கைப்பையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன்.

பழைய வண்டிப் படங்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கத்து ஆட்களும் அந்தப் பக்கத்து ஆட்களும் அதில் உண்டு. நான் சேரும்போது பெயருக்குப் பதில் இரண்டு இனிஷியலும், முகத்துக்குப் பதில் முன்பக்கம் மூக்கு நீண்ட ஒரு பழைய பஸ்ஸின் படமும் வைத்திருந்தேன். அதனால் அங்கே எல்லோருக்கும் நான் 'அண்ணா'. திருத்திவிடலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் அண்ணாவுக்குக் கிடைக்கிற மரியாதை நன்றாகத்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

அந்தக் குழுவில் ஒரு சட்டம் கறாராக உண்டு. படத்தில் வண்டி மட்டும்தான் இருக்க வேண்டும், ஆள் கூடாது. பழைய படங்களில் ஆள் இல்லாமல் எப்படி இருக்கும்? அந்தக் காலத்தில் வண்டியைத் தனியாக யாரும் படம் எடுக்கவில்லை. ஃபிலிம் விலை அப்படி. வண்டி முன்னால் மாமா நிற்பார், பானெட் மேல் குழந்தை உட்கார்ந்திருக்கும், கதவில் கண்டக்டர் தொங்குவார். ஆகவே குழு உறுப்பினர்கள் அந்த மாமாவையும் குழந்தையையும் வெட்டி எறிந்துவிட்டு, 'ஆள் நீக்கிய படம்' என்று எழுதிப் போடுவார்கள். நீக்க முடியாத ஆள் நடுவில் நின்றுவிட்டால் அவருக்கு நாலு திட்டு விழும். செத்துப்போன மனுஷனைப் போய், ரேடியேட்டரை மறைத்துவிட்டான் என்று திட்டுகிறார்களே என்று எனக்குச் சிரிப்பாக வரும்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கு அந்தப் படங்களில் பிடித்ததே வெட்டப் போகிற ஓரங்கள்தான். ஒருமுறை யாரோ மலைப்பாதை பஸ் ஒன்றைப் போட்டிருந்தார். கடைசி ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு ஒரு கோழியைத் தலைகீழாகப் பிடித்திருந்தது. முகம் தெரியவில்லை. கையில் கண்ணாடி வளையல். பஸ்ஸின் என்ஜின் எந்த வருடத்தது என்று மற்றவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கோழி ஊர் போய்ச் சேர்ந்ததா, வழியிலேயே குழம்பாகிவிட்டதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோழி என்றதும், நான் சின்னவளாக இருந்தபோது மூணாறிலிருந்து எங்கள் எஸ்டேட்டுக்கு ஓடிய சாயங்கால ஜீப்பின் வாசனை வருகிறது. பெட்ரோல், ஈரக் கம்பளி, மண்ணெண்ணெய் டின், கருவாடு, அதோடு யாராவது ஒருவருடைய கோழி. உட்கார இடம் கிடைப்பவர்கள் பாக்கியவான்கள். மற்றவர்கள் பின்னால் படியில் நின்று, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மழைக்குக் குனிந்தபடி வருவார்கள். ஜீப் நின்றதும் முதலில் இறங்கி ஓடுவது நான்தான். எதற்கு என்று கேட்காதீர்கள். அப்பா பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு வருவார். அவர் டீ ஃபேக்டரியில் உலர்த்தும் அறையில் வேலை பார்த்தவர். சட்டை, தலைமுடி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றிலும் தேயிலைத் தூள் மணக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மழைக்கு முந்தி ஒரு மத்தியானம், அந்தக் குழுவில் ஒரு படம் வந்தது. கறுப்பு வெள்ளை. அம்பாசடர் மார்க் டூ. கே.எல்.கே. என்று தொடங்கும் நம்பர், இடுக்கி தனி மாவட்டமாகும் முன்பு கோட்டயத்தில் பதிந்த வண்டி. கல்யாணத்துக்குச் சோடித்திருந்தார்கள். பானெட் மேல் டேலியாப் பூக்களால் கட்டிய ஒரு சிலுவை. அதன் வலது கை இடது கையைவிடக் குட்டை. பூ போதாமல் போயிருக்க வேண்டும். கீழே 'ஆள் நீக்கிய படம்' என்று எழுதியிருந்தது.

அந்தக் குட்டைக் கைச் சிலுவையை எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தெரியும். அது என் அப்பா அம்மா கல்யாணத்தில் கட்டிய சிலுவை.

இங்கே எங்கள் வீட்டுப் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு அடுப்படியும்தான். அந்த அறைச் சுவரில் மாதா படத்துக்குக் கீழே கண்ணாடி போட்டு ஒரு கல்யாணப் படம் தொங்கும். அதில் இந்த அம்பாசடர் முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை முழுசாக இருக்கும். முன்பக்கம் அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு, பானெட்டில் ஒரு கையை ஊன்றி, சொந்தக் கார்க்காரர் மாதிரி நிற்பார். பின்பக்கம், டிக்கிக்கு அப்பால், படம் முடிகிற இடத்தில் அம்மா. ஒரு தோள், ஒரு கை, கையில் பூச்செண்டு, தலையில் போட்ட வெள்ளை நெட்டின் ஓரம், ஒரு கன்னம், ஒரு காது. அவ்வளவுதான் அம்மா. இடுப்புக்குக் கீழே டிக்கி மறைத்துவிட்டது. மூக்கும் வாயும் கண்ணும் படத்துக்கு வெளியே போய்விட்டன.

வேறு படம் இல்லையா என்று கேட்பீர்கள். மாதா கோயிலுக்குள் எடுத்ததெல்லாம் இருட்டாகிவிட்டதாம். ஸ்டூடியோக்காரர் கையைப் பிசைந்துகொண்டு இந்த ஒன்றை மட்டும் பெரிதாகப் போட்டுக் கொடுத்தார். பிற்பாடு ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்த படம் ஒன்று உண்டு, ஆனால் அதில் அம்மா மடியில் நான் இருக்கிறேன், வாயைத் திறந்து அழுதபடி. கல்யாணப் பெண்ணின் முகம் எந்தப் படத்திலும் இல்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இந்தப் படத்தைக் காட்டி அப்பாவை ஒரு பிடி பிடிப்பாள்.

"காரு முழுசா விழுந்திருக்கு பாத்தியளா? நாந்தான் பாதி. வண்டிய மறைக்காம தள்ளி நில்லுன்னாக, நின்னேன்."

வந்தவர்கள் அப்பாவைப் பார்ப்பார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம், நான்தான் சொன்னேன், அம்பாசடர் அப்போது அப்படி ஒரு வண்டி என்பார். அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, உடனே தன் பங்குக்கு ஆரம்பிப்பாள். பெண்டாட்டியைவிடக் கார் பெரிதாகப் போய்விட்டதே இவனுக்கு என்பாள். லயம் முழுக்க அப்பாவுக்குக் 'கார்க் கிறுக்கன்' என்று பேர் விழுந்துவிட்டது. ஃபேக்டரிக்கு மேனேஜரின் வண்டி வந்தால் கூட வேலை செய்பவர்கள், போ போ, போய்த் தடவிப் பார் என்று கிண்டல் செய்வார்களாம்.

அவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. இது எனக்கு ஏன் அப்போது விசித்திரமாகப் படவில்லை என்று தெரியவில்லை. ஃபேக்டரிக்கு நடந்துதான் போவார், நடந்துதான் வருவார். ஒரு காரைத் தானாக நின்று பார்த்து நான் கண்டதில்லை. ஆனாலும் அப்பா கார்க் கிறுக்கர், நான் கார்க் கிறுக்கர் மகள். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. பம்பரின் வளைவு, கதவுப் பிடி, சக்கரத் தட்டு எல்லாம் மனப்பாடம். மணப்பெண்ணின் முகத்தை மட்டும் மனதுக்குள் நானே வரைந்து வைத்துக்கொண்டேன்.

அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதில் ஒரு குறை இருந்தது. பெரியவளான பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. லயத்தில் அப்போது உள்ளங்கை அகலத்துக்கு மேல் கண்ணாடி யாரிடமும் கிடையாது. நெற்றியைப் பார்த்தால் நாடி தெரியாது, நாடியைப் பார்த்தால் நெற்றி தெரியாது. நெட்டு வைத்து, பூ வைத்து, பவுடர் போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு ஒரு நாள், படத்தைத் துடைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்.

"அன்னைக்கி நான் எப்படி இருந்தேன்னு எல்லாரும் பாத்தாக. நான் மட்டுந்தான் பாக்கல."

இப்போது உங்களுக்குப் புரியும், அந்த மத்தியானம் எனக்கு ஏன் கை கால் ஓடவில்லை என்று. எங்கள் வீட்டுப் படத்தில் கேமரா கொஞ்சம் கிட்டத்தில் இருக்கும். குழுவில் வந்த படம் இன்னும் தள்ளி நின்று எடுத்தது. அப்படியானால் அதே இடத்தில், அதே நாளில், இன்னொரு முறை பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். இன்னொரு படம் இருந்திருக்கிறது. வலது ஓரத்தில், வெட்டின இடத்தில், டிக்கியை ஒட்டி வெள்ளையாக ஒரு நூல் அகலத்துக்கு ஏதோ தெரிந்தது. அது மேகமாக இருக்கலாம், சுவராக இருக்கலாம். எனக்கு அது அம்மாவின் நெட்டு.

படம் போட்டவர் பெயர் வேலுச்சாமி. பாலக்காட்டுக்குக் கிழக்கே எலப்புள்ளியில் தென்னையும் நெல்லும் வைத்திருக்கிறவர். குழுவில் என்னோடு பஸ்களைப் பற்றி நிறையப் பேசியவர்தான். நம்பரைத் தட்டினேன். என் குரலைக் கேட்டதும் கொஞ்சம் தயங்கினார்.

"ஏனுங்க, அண்ணன் இல்லீங்களா?"

"நாந்தாங்க அந்த அண்ணன்" என்றேன்.

பரவாயில்லைங்க, அக்கான்னு மாத்திக்கறேன் என்றார். நல்ல மனுஷன். நான் கதையைச் சொன்னதும் அவர் வண்டியின் கதையைச் சொன்னார்.

அந்த அம்பாசடர் முதலில் மூணாறு டாக்சி ஸ்டாண்டில் தங்கையா என்கிற டிரைவருக்குச் சொந்தம். கல்யாண வண்டி என்றால் தங்கையா வண்டிதான் என்று எங்கள் பக்கத்தில் பேர். அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு கல்யாணத்திலும் சோடித்த காரை மட்டும் தனியாக ஒன்று எடுத்துத் தரச் சொல்லி ஸ்டூடியோக்காரரிடம் கேட்டு வாங்கி, ஓர் ஆல்பத்தில் ஒட்டி, டாஷ்போர்டுக்குள் வைத்திருப்பார். காரை மட்டும் என்றாலும் இரண்டு ஓரத்திலும் கல்யாண ஆட்கள் விழுந்துவிடுவார்கள். அடுத்த கல்யாண வீட்டார் வண்டி பேச வரும்போது ஆல்பத்தை நீட்டுவார். சிலுவை வேண்டுமா, மணி வேண்டுமா, மயில் வேண்டுமா, பூ எவ்வளவு ஆகும் என்று அதைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம். பிறகு பொள்ளாச்சி புரோக்கர் ஒருவர் வழியாக வேலுச்சாமியின் அப்பா அந்த வண்டியை வாங்கினார். ஆல்பமும் டாஷ்போர்டோடு எலப்புள்ளிக்குப் போய்விட்டது. வண்டி தேங்காய் சுமந்து, உர மூட்டை சுமந்து, கடைசியில் எடைக்குப் போனது. ஆல்பம் பரண் மேல் கிடந்தது.

அந்த ஆல்பத்தில் இந்தப் படம் முழுசாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் குரல் இறங்கிவிட்டது.

"கத்தரிச்சுப்போட்டனுங்களே அக்கா."

பழைய வண்டிக் கண்காட்சி ஒன்று நடந்ததாம். அதற்காக எல்லாப் படங்களையும் எடுத்து, இரண்டு பக்கத்து ஆட்களையும் கத்தரியால் சீராக வெட்டித் தள்ளிவிட்டு, கார்களை மட்டும் ஒரு பலகையில் வரிசையாக ஒட்டியிருக்கிறார். ஒட்டுவதற்கு முன் கைபேசியில் எடுத்து வைத்ததைத்தான் குழுவில் போட்டார். கண்காட்சி முடிந்ததும் பலகையைக் கஞ்சிக்கோட்டில் ஒரு நண்பரின் பட்டறையில் மாட்டினார்கள். கூரை ஒழுகிப் பலகை ஊறி, கார்களும் போயின. ஒன்றும் மிச்சமில்லை என்று அவர் சொன்னபோது எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். என்னோடு குமுளியிலேயே இருக்கிற அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. ராத்திரி கஞ்சி இறங்கவில்லை.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போது அவரே கூப்பிட்டார். வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. அவர் வெட்டித் தள்ளிய துண்டுகளை அவர் மனைவி சரஸ்வதி குப்பையில் போடவில்லையாம். ஒரு முறுக்கு டின்னில் போட்டு வைத்திருக்கிறாராம். வந்து பாருங்கள் என்றார்.

இப்போது அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை களைந்துகொண்டே இருந்தாள். பிறகு, எலப்புள்ளிக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

கம்பம், தேனி, பழனி, பொள்ளாச்சி. மலையில் இறங்கி, சமவெளி முழுக்கச் சுற்றி, மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். எங்கள் மலையையும் பாலக்காட்டையும் பிரிப்பது ஒரு காடுதான், ஆனால் காட்டுக்குள் பஸ் இல்லை. கம்பம் இறக்கத்தில் வழக்கம்போல எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். பழைய பஸ்களில் வளைவுகளில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், அந்த நேரத்தில் இறங்கி நின்று மூச்சு விடலாம். இப்போதைய பஸ் எங்கேயும் நிற்பதில்லை. பஸ்களை இப்படி உருகி உருகிப் பார்க்கிற நான் ஏறின பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வருவதைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு. கொண்டைக்குப் பின்னால் பூ வைத்திருந்தாள். அப்பா போன பிறகு அவள் பூ வைத்து நான் பார்க்கவில்லை. கேட்கலாமா என்று நினைத்து, கேட்கவில்லை.

வேலுச்சாமி பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தார். ஓட்டு வீடு, முன்னால் களம், களத்தில் தேங்காய் காய்ந்துகொண்டிருந்தது. அவர் மனைவி சரஸ்வதி, வாங்கம்மா, உள்ள வாங்க என்று அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்காரவைத்து, கூஜாவில் மோர் கொடுத்தார். பிறகுதான் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். வைக்கும்போது கணவரை ஒரு பார்வை பார்த்தார்.

"கலியாணப் பொண்ணு மாப்பிள்ளைங்க. இவரு பாட்டுக்கு வெட்டிக் கீழ போட்டுட்டாரு. மூஞ்சிய எப்படீங்க குப்பைல கொட்டறது?"

டின்னைத் திறந்து ஒரு வெள்ளைத் துணியை விரித்துக் கொட்டினோம். எத்தனை பேர் என்கிறீர்கள்! விரல் அகலம், இரண்டு விரல் அகலத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மாப்பிள்ளை, அல்லது ஒரு பெண், அல்லது பெண்ணின் தங்கை, குடை பிடித்த ஒரு சித்தப்பா. பட்டுச் சேலைகள், வெள்ளைச் சேலைகள், திருநீறு வைத்தவர்கள், ஜெபமாலை பிடித்தவர்கள். யார் எந்தப் படத்தில் காருக்கு இந்தப் பக்கம், யார் அந்தப் பக்கம் என்று தெரியாமல் எல்லோரும் கலந்து கிடந்தார்கள். எங்கள் மலையில் அந்தக் காலத்தில் கல்யாணம் செய்துகொண்ட பாதிப்பேர் ஒரு முறுக்கு டின்னுக்குள் இருந்திருக்கிறார்கள். அம்மா சிலரை அடையாளம் கண்டுபிடித்தாள். இது மேல் டிவிஷன் ஸ்டெல்லா, இவள் புருஷன் கங்காணி மகன், இந்தப் பிள்ளை பிறகு திருப்பூருக்குப் போய்விட்டது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே வந்தாள். எனக்குத்தான் பொறுமை இல்லை. கையை விட்டுக் கிளறினால் முனை மடங்கிவிடும் என்று சரஸ்வதி தடுத்துவிட்டார்.

பிறகு அம்மா பேசுவதை நிறுத்தினாள்.

கையில் ஒரு துண்டு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். நான் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தேன். அதில் ஒரு பெண் முழுசாக நின்றாள். வெள்ளைச் சேலை, நெட்டு, ஒரு கையில் பூச்செண்டு சாய்ந்து தொங்குகிறது. மெலிந்த, உயரமான, இருபது வயதுப் பெண். கேமராவைப் பார்க்கவில்லை. முன்பக்கம் எதையோ பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் நான் மனதில் வரைந்து வைத்திருந்தது பயந்த, அடக்கமான ஒரு முகம். அது தப்பு. காலில் ரப்பர் செருப்பு.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று நாங்கள் மூன்று பேரும் எதிர்பார்த்தோம். அவள் துண்டை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு மறுபடி குவியலுக்குள் தேட ஆரம்பித்தாள்.

"இன்னும் என்னம்மா?" என்றேன்.

"ஒங்கப்பாவத் தேடுதேன்."

அப்பாவும் கிடைத்தார். கோட்டு, சீவின தலை. ஆனால் எங்கள் வீட்டுப் படத்தில் உள்ள மிடுக்கு இதில் இல்லை. பானெட்டில் ஊன்றியிருந்த கை இதில் முன்னால் நீண்டு, விரல்களை அசைத்து, யாரையோ தள்ளிப் போ, தள்ளிப் போ என்கிறது. முகத்தில் அப்படி ஒரு பதைப்பு. அதைப் பார்த்ததும்தான் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு எங்களிடம் சொன்னாள். இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து வெள்ளைச் செருப்பு வாங்கி வந்திருந்தார்கள். பூசை முடிந்து கோயில் படி இறங்கும்போது ஒன்றின் வார் அறுந்துவிட்டது. சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, தன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து ஸ்டூடியோக்காரர் காருக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அம்மாவுக்கு உயிர் போய்விட்டது. வந்தும் வராததுமாக ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு வந்த பெண் என்று அத்தை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். அதனால் பொத்தானை அழுத்துகிற நேரத்தில் நகர்ந்து நகர்ந்து டிக்கிக்குப் பின்னால் போய்க் காலை மறைத்துக்கொண்டாள். கால் மறைந்தது, முகமும் போய்விட்டது. அடுத்த படம் தங்கையாவின் காருக்கு மட்டும் என்று ஸ்டூடியோக்காரர் சொன்னார். நம்மை எடுக்கவில்லையே என்று அம்மா நிம்மதியாக வெளியே வந்து நின்றாள். அப்பாவுக்குத்தான் பதைப்பு. கேமரா தள்ளிப் போயிருக்கிறது, கால் தெரியும், பின்னால் போ என்று கையைக் காட்டியிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் அவள் சிரித்திருக்கிறாள்.

வீட்டுக்குப் படம் வந்தபோது, பெண் ஏன் பாதியாக நிற்கிறாள் என்று அத்தை எல்லோர் முன்னாலும் கேட்டாள். அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். வண்டியை மறைக்காமல் தள்ளி நில் என்று நான்தான் சொன்னேன் என்றார். அப்படித்தான் அவர் கார்க் கிறுக்கர் ஆனார்.

"அப்ப நீ ஏன் அவர அத்தன வருசம் ஏசுன?" என்று கேட்டேன்.

"அவுகதான் சொன்னாக. நீ ஏசிக்கிட்டே இரு, அப்பத்தான் எங்கக்கா நம்புவான்னாக. அக்கா செத்த பெறகும் நிறுத்தல. பழகிப் போச்சுல்லா."

வேலுச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரையும் வைத்திருந்தால் இப்போது மூன்றையும் சேர்த்து ஒட்டிக் கொடுத்திருக்கலாம் என்று வருத்தப்பட்டார். கைபேசியில் உள்ள காரை அச்சடித்துத் தருகிறேன், நடுவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அம்மா வேண்டாம் என்றாள். மடியிலிருந்த துண்டை எடுத்துத் துணியின் மேல் வைத்தாள். அப்பாவின் துண்டை இடது பக்கம் வைத்து, ஆள்காட்டி விரலால் மெதுவாகத் தள்ளித் தள்ளி, இரண்டு ஓரமும் முட்டுகிற வரைக்கும் கொண்டுவந்தாள். நடுவில் கார் இல்லை. தள்ளிப் போ என்று நீட்டிய அப்பாவின் கைக்குப் பக்கத்திலேயே அம்மா சிரித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகு கல்யாணக் கோலத்தில் இருவரும் முழுசாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றது அன்றைக்குத்தான்.

தங்கையாவும் இல்லை, அவர் ஆல்பத்தை நீட்டுகிற பழக்கமும் இல்லை. இப்போது கல்யாண வண்டிக்குப் பூ எப்படி வைப்பது என்று கைபேசியில் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் சாக்லேட்டும் தைலமும் விற்கிறார்கள். எங்கள் லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, சுவரில் அந்தப் படம் தொங்கிய ஆணி மட்டும் இருக்கலாம். கார் எந்த உலையில் உருகி எந்தக் கம்பியானதோ தெரியாது. அப்பா இல்லை. நாங்கள் கிளம்பும்போது சரஸ்வதி மீதித் துண்டுகளையும் டின்னோடு எங்களிடமே கொடுத்துவிட்டார், மலைக்காரர்கள் மலைக்கே போகட்டும் என்று. அம்மா மூணாறுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும்போது இரண்டிரண்டாக எடுத்துப் போய், ஆளைத் தேடிப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு துண்டையும் ஒட்டவைத்த படத்தைக் குழுவில் போட்டேன். 'வண்டி நீக்கிய படம்' என்று கீழே எழுதினேன். சட்டப்படி அது அங்கே நிற்காது என்று தெரியும். அட்மின் நீக்கிவிட்டார். அதற்குள் யாரோ ஒரு புதுப் பையன் கேட்டிருந்தான், நல்ல படம் அண்ணா, வண்டி எங்கே என்று.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"நடுவுல நின்னுச்சு, இப்பத்தான் எடுத்தோம்னு போடு" என்றாள்.